செய்தி வாசிக்கிறவன் மூக்கு

"வரல. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மொட்டை மாடியில் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற தங்கை அதை இடப்பக்கம் நகர்த்தினாள். துருப்பிடித்த நட்டு கிறீச்சென்றது. அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

நாளெல்லாம் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிங்க, வலப்பக்கம் ஒடிங்க" என்று அடுத்தவரை விரட்டிச் சம்பாதிக்கிறவள் அவள். இன்றைக்கு அவளையே ஒருத்தி ஒடிக்கச் சொல்கிறாள்.

அதுவும் யார்? அக்கா. அதே வீட்டுக் கீழ்த்தளத்தில் தையல் மெஷினோடு குடியிருந்துகொண்டு, வருஷக்கணக்காக அவளிடம் ஒரு வார்த்தை பேசாத அக்கா.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு டிவி நாடகம்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடை தைத்து மாளாமல், நாடகத்தின் கடைசிப் பகுதியை மறுநாள் மறுபடி போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா ஆசையாகக் காத்திருந்தாள். தங்கை படியிறங்கி வரும்போதே முடிவைப் போட்டு உடைத்துவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே.

அன்றைக்கு அணைத்த டிவியை அக்கா அப்புறம் போடவே இல்லை. பேச்சையும் அதோடு அணைத்துவிட்டாள்.

ரெண்டு பேருக்குமே ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரிடம் சொன்னார்கள், பூனையிடம் சொன்னார்கள். "சிலர் மோட்டாரை அணைக்காமலே வேலைக்குப் போயிடறாங்க" என்பாள் அக்கா. பூனை பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும்.

இன்று காலையும் அப்படித்தான். தெருவைத் தோண்டினவர்கள் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். செல்போனில் ஒரு பாட்டுக்குக்கூட வழியில்லை. அக்கா படிக்கட்டுக்குக் கீழே நின்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மேல போற யாராச்சும் அந்த டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிவிட்டா நல்லா இருக்கும். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் ஏற முடியாது."

சுவர் ஏறவில்லை. தங்கைதான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ரெண்டு ரெண்டு படியாக ஏறினாள்.

டிஷ்ஷில் ஒரு சங்கடம் உண்டு. திருப்புகிறவளுக்குப் படம் தெரியாது. படம் பார்க்கிறவளுக்கு டிஷ் எட்டாது. ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே, நேருக்கு நேராகக் கத்தித்தான் ஆகவேண்டும். இதில் பூனையை நுழைக்க முடியாது.

"இப்ப?"

"மூக்கு தெரியுது. செய்தி வாசிக்கிறவன் மூக்கு மட்டும்."

தங்கை ஒரு இழை வலப்பக்கம் திருப்பினாள்.

"மூக்கும் போச்சு."

தங்கை டிஷ்ஷின் மேலேயே கவிழ்ந்து சிரித்தாள். கீழே ஜன்னல் பக்கமும் யாரோ சிரிப்பை அடக்கி இருமுகிற சத்தம் கேட்டது. எத்தனை காலமாயிற்று அந்த இருமலைக் கேட்டு.

"இப்ப ஆள் முழுசா வந்துட்டான். பச்சையா இருக்கான், பாவம்."

கொஞ்சம்தான் பாக்கி என்றதும் தங்கைக்குத் திக்கென்றது. படம் வந்துவிட்டால்? டிவி ஓட ஆரம்பித்துவிடும். நாளைக்கு மறுபடியும் சுவர், மறுபடியும் பூனை.

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். இடுப்பால் டிஷ்ஷை ஒரு தள்ளு தள்ளினாள்.

"ஐயோ, போச்சு" என்றது கீழ்க்குரல். அப்படியொன்றும் வருத்தமாகத் தெரியவில்லை.

இப்படியே போயிற்று. வரும், தள்ளுவாள், போகும். பச்சை ஆள் போய் நீல ஆள் வந்தான். ஒரு குதிரை வந்தது, தலை இல்லாமல். வெயிலில் முதுகு காந்தியது. வயசு நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தாள்.

கை வலித்ததும் மூச்சு வாங்கிக்கொள்ள டிஷ்ஷுக்கு முன்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள். ஒயர் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.

ஒயரைக் காணோம்.

அறுந்து விழுந்திருக்குமோ என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கீழே முற்றத்தில், அக்கா தைத்து முடித்த சீருடைகள் கொடியில் வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கறுப்பான, தடித்த கொடி. அதன் நுனியில் டிஷ்ஷில் திருகும் உலோக மூக்கு வெயிலில் மின்னியது. முடிச்சு அக்கா போட்ட முடிச்சு, அதை யாரும் அவிழ்க்க முடியாது. தினமும் அந்தக் கொடிக்கு அடியில் குனிந்துதான் தங்கை வேலைக்குப் போய் வருகிறாள்.

டிஷ் ஒயரை அக்காவே கழற்றிக் கொடியாகக் கட்டியிருக்கிறாள். அப்போது முட்டி நன்றாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் செய்தி வாசிக்கிறவன் மூக்கு? அந்தப் பச்சை ஆள்? தலையில்லாத குதிரை?

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பு வேறு நிற்கவில்லை. எழுந்து போய் பழையபடி டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இப்ப தெரியுதா?"

'அக்கா' என்ற வார்த்தை இந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"தெரியுதுடி" என்றாள் அக்கா. "நம்ம நாடகம்தான் ஓடுது. முடிவை மட்டும் சொல்லிடாத."

தங்கை டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள்.