டயரைத் தின்பது யார்?

"காருக்குப் புது டயர் போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பண்ணி மூணு மாசம் ஆகல. மறுபடியும் அதே ஊளைச் சத்தம்! எல்லாம் இவ ஓட்டுற லட்சணம்" என்று மனைவியைக் காட்டி மெக்கானிக்கிடம் பொரிந்து தள்ளினார் கணவர்.



மெக்கானிக் முன் டயரைத் தடவிப் பார்த்தார். உள் ஓரம் மட்டும் ரம்பம்போல் தேய்ந்திருந்தது.

"பிளாட்பாரத்துல இடிச்சு இடிச்சு ஏத்தியிருக்கு சார். சக்கரம் கோணி அலைன்மென்ட் போயிடுச்சு, அதான் சத்தம்."

"கேட்டுக்கோ! சாயங்காலம் கிளப்புக்கு நான் பூ மாதிரி ஓட்டிட்டுப் போறேன். பகல் முழுக்க வண்டி உன் கையிலதானே?"

மனைவி மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைக்க, அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"டயர் மாத்தின அன்னைக்கே அம்மா அவங்க சாவியை என்கிட்ட குடுத்துட்டாங்க சார். 'குத்தம் யார் மேலன்னு டயரே சொல்லட்டும்'னாங்க."

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ இத்தனை நாளா நீ ஆபீசுக்கு?"

"பஸ்லதான்."

அலைன்மென்ட் முடிந்ததும் மனைவி தன் சாவியை வாங்கிக்கொண்டாள். கணவர் கையிலிருந்ததைப் பறித்து இழுப்பறையில் போட்டாள்.

"அடுத்த டயர் மாத்துற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும். ஏறுங்க, நான் ஓட்டுறேன்."