வெள்ளிக்கிழமைக் கோடு

கட்டுமாவடி ஜெகபர் சாதிக்கின் பழைய ஜி.பி.எஸ். படகிலேயே திருகாணி போட்டு முடுக்கியது. படகு கவிழ்ந்தபோது மச்சினன் மீரானோடு அதுவும் கடலுக்குள் போயிற்று. மீரானின் உடல் கிடைக்கவில்லை.

அதனால் இந்த முறை கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினார். கரைக்கு வந்ததும் கழற்றி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பேட்டரியை உருவிவிட்டு பிரிட்ஜ் மேல் வைப்பார்.

வெள்ளிக்கிழமை அவர் கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை விடியலில் பேட்டரியைப் போட்டால், முந்தைய நாள் தேதியில் வந்த வழியைக் காட்டும் கோடு ஒன்று திரையில் கிடக்கும். படகு கவிழ்ந்த இடத்தில் தொடங்கிக் கரையைப் பார்த்து வரும். வாராவாரம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நிற்கும்.

"செட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல பாய், அழிச்சிட்டுப் போங்க" என்றார் அதை விற்ற மணமேல்குடிக் கடைக்காரர். ஜெகபரும் அலுப்போடு அழித்துக்கொண்டே வந்தார்.

ஏழாவது சனிக்கிழமை மனைவி பவுசியா கேட்டாள்.

"என்னங்க, தம்பி இப்ப எங்கிட்டு நிக்கிறான்?"

"கொல்லக் கதவுகிட்ட."

கடலிலிருந்து வந்தால் மீரான் கொல்லைப்புறத்தில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான். அவள் ஒரு வாளித் தண்ணீரை அங்கே வைத்தாள். தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை திரையில் கோடு இல்லை.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். பவுசியா இப்போது மூன்று பேருக்கு உலை வைக்கிறாள். ஏன் என்று கேட்க ஜெகபருக்குத் தெம்பில்லை. சோறு மிஞ்சுவதும் இல்லை.