ஏக்கருக்கு அறுநூறு

"ஏக்கருக்கு அறுநூறு. ஒரு ரூவா குறையாதுங்க" என்றாள் மலர்கொடி.

அய்யம்பெருமாள் ஈ விரட்டுவது போலக் கையை ஆட்டினார். "முந்நூறு வச்சுக்க. மொத போணி. நான் கைராசிக்காரன், ஊரையே கேட்டுப் பாரு."

"உங்க கைராசி தெரியாதா? உள்ள போன காசு வெளிய வராது."

வரப்பில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அய்யம்பெருமாளைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர் காதில் விழுகிற மாதிரி.

சிறுவாச்சூருக்குக் கிழக்கே அவருடையதைப் போலப் பெரிய பண்ணை வேறு இல்லை. பதினாலு ஏக்கரும் மக்காச்சோளம், பதினாலிலும் படைப்புழு. மருந்து அடிக்க ஆள் தேடி அவருக்கு அலுத்துப் போயிருந்தது. மலர்கொடி மகளிர் குழுவில் கடன் போட்டு, டவுனில் பத்து நாள் பயிற்சிக்கும் போய்விட்டு வந்து, மருந்து தெளிக்கிற ட்ரோன் ஒன்று வாங்கியிருந்தாள். சொந்தத் தொழிலுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள்.

அந்த ஊரில் எந்தப் புது மிஷின் வந்தாலும், அய்யம்பெருமாள் பண்ணையில் முதலில் என்ன கூலி பேசுகிறார்களோ அதுதான் ஊர் முழுக்கக் கூலி. டிராக்டர் வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பக்கத்துக் காட்டுக்காரர் பஞ்சநாதனும் இன்னும் நாலைந்து பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். இங்கே நானூறு என்று முடிந்தால் மலர்கொடியால் மாசத் தவணை கட்ட முடியாது. ட்ரோனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

"முதுகுல டேங்க் மாட்டி அடிக்கிறவன் நாள் பூரா வெயில்ல காயுறான்" என்றார் அய்யம்பெருமாள். "நீ நெழல்ல நின்னு பட்டனைத் தட்டப் போற. ஏழு நிமிஷ வேலை! அதுக்கு அறுநூறா?"

"நேரத்துக்குத்தான் காசுன்னா சொல்லுங்க, ஒரு ஏக்கரைச் சாயங்காலம் வரைக்கும் அடிக்கிறேன். புழுவை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லிடுங்க."

"பேச்சைப் பாரேன்! போன மாசம் வரைக்கும் இதே காட்டுல குனிஞ்சு களை வெட்டுனவதானே நீ?"

"ஆமா, வெட்டுனேன். அதுக்கு என்ன கூலி குடுத்தீங்கன்னு இவுங்க முன்னாடி சொல்லட்டுங்களா?"

அய்யம்பெருமாளுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. "அது எதுக்கு இப்ப? சரி, நானூறு."

"அறுநூறு."

பஞ்சநாதனுக்கு ஐந்து ஏக்கர் இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் எறங்கி வாயேன். அவருகிட்டப் போயா இப்புடிக் கறாரு பேசுவ?"

"அவருகிட்டதாண்ணே பேசணும். அவருக்குக் குறைச்சா, நாளைக்கு நீங்க தங்கச்சின்னு வருவீங்க. அடுத்தவரு சித்தின்னு வருவாரு. இந்த ஊருல எனக்கு யாரு ஒறவு இல்ல சொல்லுங்க? பேட்டரிக்கு ஒறவுமொறை தெரியாதுண்ணே. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊத்திச் சார்ஜ் போட்டாத்தான் பறக்கும். தண்ணி கலந்து ஊத்துற ஆளுக்கும் நான்தான் கூலி குடுக்கணும்."

பஞ்சநாதன் தலையைச் சொறிந்துகொண்டார். அய்யம்பெருமாள் பக்கத்துப் பயிரின் குருத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு புழு சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"அது பேரம் கீரம் எதுவும் பேசல பாருங்க" என்றாள் மலர்கொடி. "வந்துச்சு, திங்குது."

"ஐநூறு."

"அறுநூறு."

"ஐநூத்தம்பது! அதுக்கு மேல பேசாத."

மலர்கொடி ட்ரோனின் இறக்கைகளை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். இரண்டு மடங்குவதற்குள் அய்யம்பெருமாள் குருத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "சரி, சரி, அறுநூறு! எடுத்துத் தொலை!"

அப்பாடா என்றிருந்தது மலர்கொடிக்கு. மடக்கிய இறக்கைகளை அவசரமாக விரித்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று விரலைத் தூக்கினார் அய்யம்பெருமாள். முகத்தில் இப்போதுதான் ஒரு தெளிவு வந்திருந்தது. "மத்தியானச் சாப்பாடும் ரெண்டு வேளை டீயும் என் வூட்டுலேருந்து வந்துடும். வயித்துக்குப் போட்டா கூலியில கழிக்கிறதுதானே நம்ம ஊரு மொறை? ஏக்கருக்கு நூறு கழிச்சுக்க. ஆக மொத்தம் ஐநூறு."

"மச்சான்னா மச்சான்தான்!" என்று தொடையில் தட்டினார் பஞ்சநாதன். "நாங்களும் சாப்பாடு போட்டுடுறோம் தங்கச்சி. வயிறாரச் சாப்புடு."

எல்லோரும் தலையாட்டினார்கள். முறை என்று வந்துவிட்டால் அந்த ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது. ஐநூறு என்றால் தவணை போக மிச்சம் ஒன்றும் நிற்காது. மலர்கொடி ரிமோட்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கழிச்சுக்கங்க, நான் வேணாங்கல. ஆனா அந்தச் சோத்தை நம்ம வூட்டு அடுப்புல இருவது வருசமா ஆக்குறவ நானு. அதுக்கு வேளைக்கு என்ன ரேட்டுன்னு, அதையும் இப்பவே இவுங்க முன்னாடியே பேசி முடிச்சுடுவமா?"

அய்யம்பெருமாள் வரப்பில் நின்ற கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார், பெண்டாட்டியை ஒரு தரம் பார்த்தார். "அறுநூறே இருக்கட்டும்" என்றார்.