ஓயாமல் கத்திய பெட்டி

"ஏந்தம்பி, கடையில ஈ காக்காயக் காணோம், அந்தப் பொட்டி மட்டும் ஓயாமக் கத்துது?"

முட்டை அட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கந்தப்பன் கேட்டார். மகள் தமிழினிக்கு வந்திருக்கிற வரன்தான் இந்த கௌசிக். நாமக்கல்லில் சில்லறை முட்டைக் கடை. ஜாதகம் பொருந்திவிட்டது, தமிழினிக்கும் பையனைப் பிடித்துவிட்டது. ஆனால் முட்டை விற்றுக் குடும்பம் ஓடுமா?

'ஒரு நாள் கடையில் உட்கார்ந்து பார்ப்பேன், வியாபாரம் இல்லையென்றால் வேறு இடம்தான்' என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். பாவம், மகளுக்கு முகமே வாடிவிட்டது. மனைவி கண்ணாத்தாள் மட்டும், "உங்க இஷ்டமுங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லா மேலிருந்த ஸ்பீக்கர் பெட்டி மறுபடியும் கத்தியது.

கந்தப்பனுக்கு வாயெல்லாம் பல். "ஊட்டுல இருந்தே போன்ல காசு போட்டுட்டு, அப்பறமா வந்து முட்டை வாங்கிக்குவாங்களாட்ட இருக்குது. யாவாரம் பரவால்லியே!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான். கௌசிக் தலையைச் சொறிந்தான்.

"அதெல்லாம் இல்லீங்க மாமா. காலைல இருந்து ஆரோ ஒரே நம்பர்ல இருந்து போட்டுட்டே இருக்கறாங்க. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கறாங்க. கடை மாறிப் போடறாங்களாட்டங்க. சாயங்காலம் ஒண்ணொண்ணாத் திருப்பிப் போட்டுருவேனுங்க. நம்ம யாவாரம் சுமாருதானுங்க. இனிமேதான் பெருக்கோணும்."

பொழுது சாயும் நேரத்தில் கந்தப்பன் வீட்டுக்கு வந்தார். கையில் போனோடு தமிழினி வாசலிலேயே நின்றாள். பின்னாலேயே கண்ணாத்தாளும் வந்துவிட்டாள்.

"யாவாரம் சுமாருதான்" என்றார் கந்தப்பன்.

தமிழினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, அழுவாத சாமி! ஆரோ தெரியாமப் போட்ட காச, நான் யாவாரக் காசுன்னு நெனைச்சப்பவே என்னுதில்லீங்கன்னு சொல்லிப்போட்டான். பொண்ணு கெடைக்காமப் போயிருமேன்னுகூட நெனைக்கல. அவனுக்குத்தான் உன்னக் குடுக்கறேன். நாள் பாக்கச் சொல்லிட்டேன்!"

தமிழினி சந்தோஷத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து இன்னொரு 'டிங்'. அதற்கடுத்தும் ஒன்று.

கந்தப்பன் சந்தேகத்தோடு மகள் கையிலிருந்த போனைப் பார்த்தார். அது சும்மாதான் கிடந்தது; கண்ணாத்தாள் இடுப்பில் செருகியிருந்த போன்தான் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.