நிற்கவிடாத சைக்கிள்

ஜன்னலோரம் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிள், நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருக்கிறது. பின்சக்கரம் உருளையில் உரசி ரீங்கரிக்கிறது. காலை வெயில் கம்பிகளுக்கிடையே சிதறிச் சுவரில் சுழல்கிறது. வாரத்தில் இரண்டு அரைமணி நேரம்தான் அவளுக்கு வாய்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் அக்கா இந்த முறையும் சைக்கிளில் முந்திப்போய் உச்சியில் காத்து நிற்கக் கூடாது. அதற்கு ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், ஒரு நிமிடம் கால்களை ஆற்ற வேண்டும். ஆற்றும் நிமிடம்தான் பக்கத்திலிருக்கும் தொட்டிலுக்குப் பிடிக்கவில்லை. ரீங்காரம் தணிந்ததும் மகன் தூக்கத்திலேயே உதட்டைப் பிதுக்குகிறான். அவள் மறுபடி மிதிமிதியென்று மிதிக்கிறாள். மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது. டை கட்டியபடியே கணவன் எட்டிப் பார்க்கிறான். "ஆபீஸுக்கு நேரமாச்சு, இறங்கு." "நிறுத்தினா முழிச்சுக்குவான்." அவன் தொட்டிலைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு மண்டியிடுகிறான். அவள் கால் விட்ட பெடலை அவன் கை பிடித்துச் சுற்றுகிறது. பிதுங்கிய உதடு தளர்கிறது. "எவ்வளவு நேரம் சுத்தணும்?" "நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும்." டையின் நுனி தரையைப் பெருக்க, அவன் சுற்றிக்கொண்டே இருக்கிறான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, கூடவே அவள் பாட்டும். அவசரமே இல்லாத பாட்டு.