வீட்டார் சொல்ல வேண்டும்

உதயகுமார் இரண்டு லுங்கிகளையும் சார்ஜரையும் பைக்குள் திணித்துக்கொண்டே ஊரிலிருந்த நண்பனிடம் போனில் கத்தினான். "சீக்கிரம் சொல்லுடா கலியா! போலீஸ் மைசூருக்குக் கிளம்பிடுச்சா?"

"கேளு மாப்ள. ஊர்க்கூட்டம் இப்பத்தான் கலைஞ்சுது. நடுக்கடல்ல அடுத்த ஊர்க்காரன் படகை மறிச்சு இன்ஜினைக் கழட்டினவன் எவனா இருந்தாலும் இனி நம்ம ஊரு ஒளிச்சு வைக்காதாம். போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க."

"என் பேரை எவன் சொன்னான்?"

"கண்டவனும் சொல்ல முடியாது. முன்பகையை இதுல தீர்த்துக்கக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. ஒருத்தன் பேரை அவன் வீட்டாருதான் கூட்டத்துல சொல்லணும்."

உதயகுமார் பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எட்டு மாதமாய் இந்த ஒற்றை அறையில் அடைந்து கிடக்கிறான். கன்னடம் தெரியாது. வாய்விட்டுப் பேச மனைவி சுலோசனாவை விட்டால் ஆளில்லை. அவளும் விடிந்தால் விஜயநகர் பகுதிக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

"அப்பா, அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. பொண்டாட்டி என்கூட இருக்கா. அங்க என் வீட்டாருன்னு யாருடா இருக்கா? தப்பிச்சேன்!"

லுங்கிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தான்.

"இனி நான் எதுக்குடா ஓடணும்?"

"இன்ஜினைக் கழட்டிட்டு நீங்க கடல்லயே விட்டுட்டு வந்த படகு... அதுல ஒரு பெரியவர் குடிக்கத் தண்ணியில்லாம செத்துப்போனதை நீ அதுகிட்ட சொல்லவே இல்லையாமே?"

"யாருகிட்ட?"

"கூட்டத்துல ஒரு போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க மாப்ள. ஊரே கேட்டுச்சு. முதல்ல பேசினது சுலோசனாதான்."