கிழிந்த பட்டு

தாரகா பொறுப்பேற்று நடத்திய முதல் கண்காட்சி அது. லண்டனில், ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் மேல்மாடியில்.

முஸ்லிம்களாக மாறுவேடமிட்டு மக்காவுக்கும் மதீனாவுக்கும் போய்வந்த ஐரோப்பியப் பயணிகளைப் பற்றியது. வாசலில் மகளின் பெயரைக் கண்டதும் மரியமலர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

கணவர் கிறிஸ்துராஜா ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போடும் கோட்டோடு வந்திருந்தார்.

உள்ளே தாரகா பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பயணி ஹாஜிகளோடு மாதக்கணக்கில் போனாராம். அவர்களோடு தொழுதாராம். ஒரே தட்டில் சாப்பிட்டாராம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையாம்.

“பிடிபட்டிருந்தா என்னப்பா செய்திருப்பினம்?”

கேட்டுக்கொண்டே மரியமலர் திரும்பினாள். பக்கத்தில் அவர் இல்லை.

கடைசிச் சுவரோரம், ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றிருந்தார். அதற்குள் மக்காவின் கஃபா ஆலயத் திரையிலிருந்து அந்தப் பயணி கொண்டுவந்த கறுப்புப் பட்டுத்துண்டு. பொன்னிழையில் அரபு எழுத்துகள், குர்ஆன் வசனம்.

அவருடைய விரல் கண்ணாடிமேல் வலமிருந்து இடமாக நகர்ந்தது. உதடுகள் அசைந்தன.

அவள் நெருங்கிப் போனாள். வாசித்துக்கொண்டிருந்தார். எங்கும் தடக்கவில்லை.

பட்டு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. எழுத்தும் அங்கே முடிந்திருந்தது.

அவருடைய குரல் நிற்கவில்லை. கண்களை மூடியபடி மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

அவர் ஒருநாளும் அரபு நாட்டில் வேலை செய்தவரல்ல. மன்னாரிலிருந்து நேரே லண்டனுக்கு வந்தவர்.

“இது எப்பிடி உங்களுக்கு…”

அவர் விரலை எடுத்தார். மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, மெதுவாக:

“தொண்ணூறில இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்களை மன்னாரைவிட்டுக் கலைச்சவங்கள். அப்பிடி வெளிக்கிட்ட ஆக்களில நானும் ஒராள். கிறிஸ்துராஜா என்ர கூட்டாளி. அவன் செத்துப்போனான். அவன்ர பேரிலதான் நான் இஞ்ச வந்தனான்.”

அவள் அவருடைய பூசைக் கோட்டைப் பார்த்தாள்.

தேவாலயத்தில் கட்டிய தாலி. மகளின் ஞானஸ்நானம். நவம்பர் தோறும், கண்டேயிராத மாமியாரின் ஆத்துமாவுக்காக அவள் கொளுத்திய மெழுகுதிரிகள்.

“அப்ப உங்கட அம்மா?”

“உம்மா இருக்கிறா, மலர். புத்தளத்தில. நேற்றும் கதைச்சனான்.”